டிவி நாள் முழுக்க ஓடுகிறது, சேனல் பார்க்க ஆளில்லை. கேபிளை நிறுத்திவிடலாமா?

ரிமோட்_எங்கே:
வீட்டில் சேனல் பார்ப்பது அப்பா மட்டும்தான், அதுவும் செய்தி நேரத்தில். மற்றவர்கள் அதே டிவியில் யூடியூப் போடுகிறார்கள், இல்லையென்றால் ஓடிடியில் ஏதாவது தொடர். தம்பிக்கு ஒரு திரை போதாது, பெரிய திரையில் படம் ஓடும்போதே கையில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பான். கேபிள் சந்தா எதற்குக் கட்டுகிறோம் என்றே தெரியவில்லை. நிறுத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், அப்புறம் எதற்காவது வருத்தப்பட்டீர்களா?

பழைய_ஆன்டெனா:
உங்கள் வீட்டில் மட்டுமில்லை. அமெரிக்காவில் டிவி பார்க்கும் மொத்த நேரத்தில் எதற்கு எவ்வளவு பங்கு என்று நீல்சன் நிறுவனம் மாதாமாதம் எடுக்கும் கணக்கில் 2022 ஜூலையில்தான் ஸ்ட்ரீமிங், அதாவது நெட் வழியாகப் பார்ப்பது, முதன்முறையாகக் கேபிளை முந்தியது, அதுவும் மயிரிழையில், 34.8 சதவீதத்துக்கு 34.4. 2025 மே மாதம் பார்த்தால் ஸ்ட்ரீமிங் 44.8, கேபிளையும் ஒளிபரப்புச் சேனல்களையும் சேர்த்தே 44.2தான். இதெல்லாம் டிவி பெட்டியில் பார்ப்பதை மட்டும் வைத்த கணக்கு, உங்கள் தம்பியின் ரீல்ஸ் இதில் வராது. அந்த ஸ்ட்ரீமிங்கில் முதலிடம் நெட்ஃபிளிக்ஸுக்கு என்று நினைப்பீர்கள், இல்லை, யூடியூபுக்கு. பெட்டி எங்கேயும் போகவில்லை, சேனலுக்குத்தான் ஆபத்து.

கடைசி_ஓவர்:
நான் நிறுத்திவிட்டேன். தொடர், படம் எதற்கும் குறையில்லை, நேரலை விளையாட்டு வரும்போதுதான் எரிச்சல். ஓடிடி காட்சியைச் சில நொடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறது, நெட் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாது என்பதற்காக ஆப் சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டத் தொடங்கும், இப்படியே அரை நிமிடம்கூடப் பின்தங்கிவிடும். பக்கத்து வீட்டில் கோல் என்று கத்துவார்கள், நம் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கும். கேபிளிலும் டிஷ்ஷிலும் தாமதம் இல்லாமல் இல்லை, ஆனால் பொதுவாகச் சில நொடிதான். இன்னொன்று, அங்கே எத்தனை பேர் பார்த்தாலும் ஒரே சிக்னல். நெட்டில் ஒவ்வொருவருக்கும் தனியாக அனுப்ப வேண்டும், பெரிய ஆட்டத்தன்று படம் மங்கிப்போக அதுவும் ஒரு காரணம்.

அலைவரிசை_12:
விளையாட்டை விடுங்கள், அப்பாவை யோசியுங்கள். எங்கள் அம்மாவுக்குச் சேனல் பெயரே தேவையில்லை, எண் மனப்பாடம், இருட்டில்கூட அழுத்துவார். பல புது ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகளில் எண் பொத்தான்களே இல்லை, அந்த இடத்தில் ஆப்களின் பெயர் அச்சடித்த பொத்தான்கள். டிவியைப் போட்டால் முகப்பில் வரிசை வரிசையாகப் படப் போஸ்டர், அதைத் தாண்டி, யார் பார்க்கிறீர்கள் என்ற கேள்வி வேறு. செய்தி கேட்க உட்கார்ந்தவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், விளம்பரத்தோடு இலவசமாக ஓடும் நேரஅட்டவணைச் சேனல்களை இப்போது ஸ்ட்ரீமிங்காரர்களே விடுகிறார்கள். நெட்ஃபிளிக்ஸும் 2022 நவம்பரில் விளம்பரத் திட்டம் கொண்டுவந்தது. கேபிளை விட்டு ஓடி வந்தவர்களிடம் கேபிளையே திரும்ப விற்கிறார்கள்!

ரிமோட்_எங்கே:
எண் பொத்தான் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. அப்பா பார்க்கும் செய்திச் சேனல் யூடியூபிலும் நேரலையாக வருகிறது, டிவியைப் போட்டதும் நேராக அதற்கே போகும்படி வைக்க வழி இருக்கிறதா? இருந்தால் இந்த மாதத்தோடு கேபிளை நிறுத்திவிடுவேன், இல்லையென்றால் குறைந்த பேக்குக்கு மாற்றிக்கொள்கிறேன்.