புதுப்பிப்பு: பாஸ்டன் மாரத்தான், நியூட்டன் மேடுகளில் தொடைப் பிடிப்பு

பயிற்சியில் 30 கி.மீ. தாண்டினால் மேட்டில் தொடை பிடித்துக்கொள்கிறது, வீட்டார் எங்கே நின்றால் நல்லது என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. 4 மணி 38 நிமிடத்தில் முடித்தேன், ஓடாமல் நடந்தது கொஞ்ச தூரம்தான்.

கைகொடுத்தது "இறக்கத்தில் ஓடிப் பழகுங்கள்" என்ற யோசனை. ஹாப்கின்டனில் தொடங்கியதுமே பாதை சரிகிறது, அங்கே பறந்தால் அதன் விலை 26 கி.மீ.க்கு அப்புறம் வரும் நான்கு நியூட்டன் மேடுகளில் தெரியும், அதனால் முதல் 8 கி.மீ. எல்லோரும் முந்திப்போகப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக ஓடினேன். பிடிப்பே வரவில்லை.

வீட்டாரை முடிவுக்கோட்டை விட்டுவிட்டு, அந்த நான்கில் கடைசியான ஹார்ட்பிரேக் மேட்டின் அடியில், 32 கி.மீ. பக்கம் நிற்கச் சொன்னதும் சரிதான். அக்கா உப்புத் தொட்ட ஆரஞ்சுச் சுளையை நீட்டினாள், நண்பன் நடைபாதையில் கத்திக்கொண்டே கூட வந்தான், என்னைவிட அவனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

எதிர்பாராதது: கூட்டத்தில் சிக்னல் கிடைக்கவில்லை. எந்தப் பக்கம், என்ன அடையாளம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள் (எங்களுக்கு வலப்பக்கம், மஞ்சள் பலூன்). அப்புறம், ஏற்றத்தைவிட அதற்குப் பின் வரும் இறக்கம்தான் வலித்தது. மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன்.