கேபிள் பாலம் கட்டும்போது தளத்தின் நுனி ஏன் மேலே தூக்கி நிற்கிறது?

கினிகத்தேனை:
வணக்கம். கனடாவின் வின்ட்சரையும் அமெரிக்காவின் டெட்ராய்ட்டையும் இணைக்கும் கோர்டி ஹோவ் பாலத்தின் கட்டுமானப் படங்களை மாதவாரியாக அடுக்கி, உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் பிள்ளைகளுக்காக ஒரு தொகுப்புச் செய்கிறேன். கோபுரத்துக்குக் கோபுரம் 853 மீற்றர், கோபுர உயரம் 220 மீற்றர், கேபிள்கள் 216. ஒவ்வொரு கோபுரத்திலிருந்தும் ஆற்றின் மேல் துண்டு துண்டாக நீளும் தளத்தின் நுனி ஒரு படத்தில் மேலே தூக்கி நிற்கிறது, அடுத்ததில் தாழ்ந்திருக்கிறது. அளவு பிழைத்துவிட்டதா? ஒரு கேபிளுக்குள் இத்தனை புரிகள் (முறுக்கிய உருக்குக் கம்பிகள்) இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே இழுவை எப்படி வரும்? 2024 ஜூனில் இரு பாதியும் நடு ஆற்றின் மேல் சேர்ந்தன. அவ்வளவு தூரம் வந்த இரண்டு நுனியும் நேருக்கு நேர் சந்திப்பது எப்படி? கொழும்பின் புதிய களனிப் பாலத்தையும் இதே வகை என்று சொல்லிக்கொடுக்கலாமா?

மகாவலிக்கரை:
பிழைக்கவில்லை சேர். அந்தப் படம் வேலையின் எந்தக் கட்டத்தில் எடுத்தது என்று பாருங்கள். நுனியில் நிற்கும் பாரந்தூக்கி முன்னே நகர்ந்தால் நுனி தாழும். புதிய உருக்குச் சட்டங்களைத் தூக்கி போல்ட் பூட்டினால் இன்னும் தாழும். அந்தத் துண்டின் கேபிளை முதல் தடவை இழுத்ததும் ஏறும். முன்கூட்டியே வார்த்த கொங்கிரீட் பலகைகளை அடுக்கினால் மறுபடி இறங்கும். பலகைகளுக்கு இடையிலான மூட்டில் போட்ட கொங்கிரீட் இறுகிய பிறகு இரண்டாவது இழுவை வரும், நுனி திரும்ப ஏறும். இவ்வளவும் ஒரே ஒரு துண்டுக்கு. நீண்ட பாலத்தில் இப்படிப் பல பத்து சென்றிமீற்றர் ஏறி இறங்குவது வழமை.

அதோடு தார்ப்படையும் ஓரச் சுவரும் இன்னும் ஏறவில்லை. அந்தப் பாரம் வந்த பிறகுதான் தளம் வரைபடத்துக் கோட்டில் வந்து உட்கார வேண்டும். ஆகவே வெறுந்தளம் உயரமாகத்தான் இருக்க வேண்டும். இப்போதே சரியான மட்டத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும். நுனி மட்டத்தை மட்டும் ஒருவர் சொன்னால் அதற்குப் பெறுமதி இல்லை. எத்தனை மணிக்கு அளந்தது, பாரந்தூக்கி எங்கே நின்றது, எத்தனை பலகை ஏறியிருந்தது, மூன்றும் சேர்ந்தால்தான் அது அளவு.

களனிப் பாலம் வேறு வகை. 2021 நவம்பரில் திறந்த, 380 மீற்றர் நீளமான அந்தப் பாலம் எக்ஸ்ட்ராடோஸ்ட் வகை. அங்கே கோபுரம் கட்டை, கேபிள் சரிவு குறைவு, பாரத்தில் பெரும் பங்கைத் தளத்துப் பெட்டிச் சட்டமே தாங்கும். கேபிள் பாலத்தில் தளத்துக்கு மேலே கோபுர உயரம் பொதுவாக நடு நீளத்தில் நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று வரும். எக்ஸ்ட்ராடோஸ்டில் எட்டில் ஒன்றுக்கும் பதினைந்தில் ஒன்றுக்கும் இடையே. படத்தில் அடிமட்டம் வைத்து அளக்கச் சொன்னால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

நமுனுகுல:
புரி விஷயத்துக்கு வருகிறேன். இன்றைய கேபிள்களில் பொதுவாக வருவது 15.7 மில்லிமீற்றர் புரி: ஏழு கம்பி முறுக்கியது, குறுக்குப் பரப்பு 150 சதுர மில்லிமீற்றர், அறும் பாரம் சுமார் 279 கிலோநியூட்டன். பாவனையில் அதில் 45 வீதத்தைத் தாண்ட விடமாட்டார்கள், அதாவது ஏறக்குறைய 125. ஒவ்வொரு புரிக்கும் நாக முலாம், மெழுகு, பிளாஸ்டிக் உறை. எல்லாப் புரிகளும் சேர்ந்து ஒரு பெரிய குழாய்க்குள் போகும்.

ஒவ்வொரு புரியாகத்தான் இழுப்பார்கள், சிறிய ஜாக்கால். முதல் புரியின் பிடிமுனையில் பாரமானி ஒன்று இருக்கும். இரண்டாவதை இழுக்கும்போது தளம் கொஞ்சம் ஏறும், முதல் புரி கொஞ்சம் தளரும். பாரமானி அந்த நேரம் காட்டும் அளவு வரும்வரைக்கும்தான் இரண்டாவதை இழுப்பது. மூன்றாவதும் அப்படியே. கடைசிப் புரி முடியும்போது எல்லாம் ஒரே இழுவைக்கு வந்திருக்கும். ஆகவே முதல் புரியை இறுதி அளவை விடக் கூட்டி இழுத்துத் தொடங்க வேண்டும்.

பிழை வரும் இடம் ஆப்பு, பிடிமுனையில் புரியைக் கவ்விப் பிடிப்பது அதுதான். மூன்று துண்டாக, கூம்பு வடிவில், உள்ளே வாள்பல் போலப் பல் வெட்டியிருக்கும். பல்லில் மணலோ உறையின் பிளாஸ்டிக் சீவலோ ஒட்டியிருந்தால் புரி நழுவும். பூட்டிய பிறகு மூன்று துண்டின் முகமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று துருத்தினால் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டுங்கள். ஜாக்கை விட்டதும் ஆப்பு எப்படியும் 6 மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளே இழுபடும். 50 மீற்றர் கேபிளில் அது புரிக்கு 3.5 கிலோநியூட்டன் இழப்பு. 300 மீற்றரில் 0.6 மட்டும். கோபுரத்துக்குக் கிட்டவுள்ள கட்டைக் கேபிள்களில் கணக்குக் குழம்புவது இதனால்தான்.

இன்னொன்று: ஆப்பு கடித்த தழும்பு ஒருபோதும் கேபிளின் சுதந்திரமான நீளத்துக்குள் போகக் கூடாது, அந்த இடத்தில்தான் கம்பி களைத்து அறும். கூட இழுத்துவிட்டுப் பிறகு தளர்த்தினால் தழும்பு உள்ளே போய்விடும். அதற்காக முழுக் கேபிளையும் முதல் தடவை குறைவாக இழுத்துவிட்டு, பிறகு மேலே ஏற்றுவதே ஒழுங்கு.

கொத்மலை ஓயா:
இரண்டு நுனி சேர்வது வெயிலோடு நடக்கும் போராட்டம். உருக்கு 1 பாகைக்கு மீற்றருக்கு 0.012 மில்லிமீற்றர் நீளும். 853 இல் பாதி 426 மீற்றர். 10 பாகை ஏறினால் ஒரு பாதி மட்டும் 5 சென்றிமீற்றர் நீளும், இரண்டும் சேர்ந்து இடைவெளி 10 சென்றிமீற்றர் குறையும். தளத்தின் மேல்முகம் சுட்டு அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் நுனி வளையும் வேறு. அதனால் அளவெல்லாம் விடியுமுன், எல்லா உறுப்பும் ஒரே சூட்டில் இருக்கும்போது. பல இரவு இடைவெளியை அளந்து, அதற்கேற்ப இறுதித் துண்டை வெட்டுவார்கள். உயர வித்தியாசத்தைத் தண்ணீர்த் தொட்டிப் பாரத்தாலோ குறுக்கே பூட்டிய பலத்த சட்டத்தாலோ சரிக்கட்டுவார்கள். பக்கவாட்டு வித்தியாசத்துக்குக் குறுக்குக் கம்பி கட்டி இழுப்பார்கள்.

பலருக்கும் விடுபடுவது அடுத்த வேலை: துண்டு பூட்டியதும் கோபுரத்தில் போட்டிருந்த தற்காலிகப் பூட்டுகளை வெயில் ஏறுமுன் அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காவிட்டால் நீள இடமில்லாத தளம் அந்தப் புது மூட்டையே நெரிக்கும்.

கினிகத்தேனை:
மிக்க நன்றி. ஒரு பிள்ளை கேட்கிறாள், நம்ம மலைப் பள்ளத்தாக்கில் இப்படிக் கட்ட முடியாதா என்று.

மகாவலிக்கரை:
முடியும். ஜம்முவில் 2025 ஜூனில் திறந்த அஞ்சி ரயில் பாலத்தைக் காட்டுங்கள்: ஒற்றைக் கோபுரம் 193 மீற்றர், கேபிள் 96. வளைவுப் பாலமாகத் திட்டமிட்டது. சரிவின் பாறை இடம் கொடுக்காததால் கேபிளுக்கு மாறியது. நம்ம பக்கம் சிக்கல் இரண்டு. மண்சரிவுச் சாய்வில் பின்கேபிளை, அதாவது கோபுரத்தைக் கரைப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கேபிளைப் பிடிக்க உறுதியான பாறை தேட வேண்டும். அடுத்தது பாதை. புரிச் சுருள் சாதாரண லொறியில் ஏறும். நீண்ட உருக்குச் சட்டம் ஹட்டன் பாதையின் கொண்டை வளைவுகளில் திரும்பாது. திரும்பக்கூடிய நீளத்துக்கு வெட்டிக் கொண்டுவந்து, இடத்தில் பூட்ட வேண்டும். மூட்டும் போல்ட்டும் கூடும், செலவும் கூடும்.

நமுனுகுல:
மழையையும் சேருங்கள். மெல்லிய மழையும் காற்றும் சேர்ந்தால் கேபிள் முதுகில் தண்ணீர்க் கீற்று ஓடி, கேபிளே ஆடத் தொடங்கும். 1980களில் ஜப்பானின் மெய்கோ-நிஷி பாலத்தில் கவனித்தது. இன்று குழாயின் வெளியே சுருளாக ஒரு வரம்பு ஓடுவது அந்தக் கீற்றை உடைக்கத்தான். கிட்ட எடுத்த படத்தில் அது தெரியும், தேடிப் பாருங்கள். அடிப் பிடிமுனையில் ரப்பர் மூடி பிளந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நுவரெலியா மூடுபனியில் தண்ணீர் தேங்கும் முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும்.