மஞ்சக்காமாலைல படுத்திருக்கற அம்மாவுக்கு லீவு நாளுக்குப் பணம் கிடைக்குமா?

கேள்வி:
அம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் வேலைங்க, ரெண்டு வருசமாச்சு. போன திங்கக்கிழமை மதியம் பீஸ் பாத்துட்டு இருக்கறப்ப, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குன்னு பக்கத்து டேபிள் அக்காதான் வீட்டுக்கு அனுப்பி வெச்சாங்க. மஞ்சக்காமாலை. மூணு வாரம் வேலைக்கே போகக் கூடாதுன்னுட்டார் டாக்டர். ஷிப்ட் சம்பளம் 480. சனிக்கிழமை நான் போய் வாங்கினப்ப கவர்ல 240 ரூபா இருந்துச்சு. "வராத நாளுக்கு எப்படிப்பா சம்பளம்?"ன்னார் சூப்பர்வைசர். அம்மா நாளைக்கே கெளம்பறேன்னு நிக்கறாங்க. சம்பளத்துல இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கறாங்க. அதுல ஏதாவது வழி இருக்குங்களா?

ஓவர்லாக் அக்கா:
தம்பி, அம்மாவை அனுப்பிடாதீங்க. சம்பளத்துல 0.75 சதவீதம் பிடிக்கறாங்க, கம்பெனி 3.25 போடுது. அது மருந்து மாத்திரைக்கு மட்டுமில்ல, படுத்திருக்கற நாளுக்கும் சேர்த்துத்தான். சராசரி தினச் சம்பளத்துல 70 சதவீதம், வருசத்துல 91 நாள் வரைக்கும். மொத ரெண்டு நாளுக்குக் கிடைக்காது. 480-க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 336 ரூபா வரும், பேங்க்லயே ஏறிடும்.

இப்ப நவம்பர். அதனால போன வருசம் அக்டோபர்ல இருந்து இந்த வருசம் மார்ச் வரைக்கும் 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்கான்னு பாப்பாங்க. ரெண்டு வருசமா போறாங்கன்னா கண்டிப்பா இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு, இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் வேணும். நாளைக்குக் காலைல டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வெளி டாக்டர் சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துக்குங்க. போன வாரத்துக்கு அதை வெச்சு இ.எஸ்.ஐ. பிரான்ச் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க, முடிவு அவங்க கைலதான்.

எனக்கு டி.பி. வந்தப்ப 80 சதவீதம் குடுத்தாங்க, நீண்ட நாள் நோய்க்குத் தனிக் கணக்கு. அந்தப் பணத்துலதான் என் பொண்ணு ஸ்கூலை விடாம படிச்சா. 1948-லயே இதுக்குச் சட்டம் போட்டாங்க, இன்னிக்கும் நம்ம லைன்ல பாதிப் பேருக்குத் தெரியாதுங்கறதுதான் என் வயித்தெரிச்சல்.

பீஸ்ரேட் சிங்கர்:
காண்ட்ராக்ட்ல தைக்கற எங்களுக்குங்க்கா? கார்டே குடுக்கலை.

ஓவர்லாக் அக்கா:
பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற ஃபேக்டரி, மாசம் 21,000-க்குள்ள சம்பளம்னா உங்களையும் சேர்த்தே ஆகணும். காண்ட்ராக்டர் கட்டலைன்னா கம்பெனிதான் கட்டணும். பீஸ்ரேட்னு தட்டிக்கழிக்க முடியாது. உங்க பேர்ல நம்பர் இருக்கான்னு பிரான்ச் ஆபீஸ்லயே கேளுங்க.

தம்பிக்கு இன்னொண்ணு: இந்தப் பணம் வாங்கிட்டு இருக்கற காலத்துல அம்மாவை வேலைய விட்டு நிறுத்தக் கூடாது. சூப்பர்வைசர் அப்படிப் பேசினா எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.

கேள்வி கேட்டவர்:
போயிட்டு வந்தோங்க்கா. ஒரு வாரத்துக்கு எழுதிக் குடுத்திருக்காங்க, அடுத்த வாரம் மறுபடி காட்டணும். பாஸ்புக்ல அம்மா பேர் ஒரு மாதிரி, இ.எஸ்.ஐ.ல ஒரு மாதிரி இருக்கு, அதைத் திருத்த நாளைக்கு பேங்க்குக்குப் போறேன். அம்மா இப்பத்தான் கஞ்சி குடிச்சுட்டுத் தூங்கறாங்க.