சிசேரியன் ஆகி ஒன்பது நாள், தண்ணீர் குடிக்க விட மாட்டேன் என்கிறார் அம்மா

ஈரோட்டுப் பொண்ணு:
முதல் பிரசவம். பனிக்குடம் உடைந்து ஒரு ராத்திரி முழுக்க வலியோடு கிடந்தேன், விடியற்காலையில் குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி ஆபரேஷன் செய்துவிட்டார்கள். பெண் குழந்தை, 2.8 கிலோ, நன்றாக இருக்கிறாள். இப்போது அம்மா வீட்டில் பத்தியம். பூண்டுக் குழம்பு, பால்சுறா எல்லாம் பிடித்துத்தான் சாப்பிடுகிறேன். ஆனால் தண்ணீர் மட்டும் நாளைக்கு இரண்டு டம்ளர், அதுவும் வெந்நீர். கூடக் குடித்தால் தையலில் சீழ் பிடிக்குமாம், வயிறு பெருத்துவிடுமாம். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, முக்கினால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயம் வேறு. ராத்திரி அம்மா தூங்கியதும் சமையலறைக்குப் போய்த் திருட்டுத்தனமாகக் குடத்தில் மொண்டு குடிக்கிறேன், இந்த வயதில்! டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரை பேர் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள்?

ரெண்டு வாலு அம்மா:
மூத்தவன் பிறந்தபோது எனக்கும் இதே கதைதான். நான் திருடிக்கூடக் குடிக்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டு மூலம் வந்ததுதான் மிச்சம், தையல் வலியைவிட அதுதான் அழ வைத்தது. சின்னவளுக்கு உஷாராகிவிட்டேன். தண்ணீர் என்று கேட்டால்தானே தகராறு? சீரகம் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடும்மா, பால் ஊறும் என்று கேட்டேன். உடனே அது மருந்தாகிவிட்டது, செம்பு செம்பாக வந்தது. அப்புறம் தையலைக் காட்டப் போகும்போது அம்மாவையும் உள்ளே கூட்டிப்போய் டாக்டரம்மா வாயாலேயே சொல்ல வையுங்கள். நாம் சொன்னால் ஏறாது.

வார்டு அக்கா:
பிரசவ வார்டில் 19 வருடம் செவிலியாக இருக்கிறேன். குடிக்கிற தண்ணீர் தையலுக்குப் போகாது. வயிறு பெரிதாகத் தெரிவது கர்ப்பப்பை இன்னும் சுருங்கி முடியாததால், அதற்கு ஆறு வாரம் ஆகும். தாகம் எடுக்கும் போதெல்லாம் குடியுங்கள். ஆனால் தண்ணீர் குடித்தால்தான் பால் கூடும் என்பதும் இல்லை, குழந்தை அடிக்கடி சப்பினால்தான் கூடும்.

இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும், அதற்காக நிறுத்திவிடாதீர்கள், மலம் இளக மருந்து கேளுங்கள், பாலூட்டும்போது சாப்பிடக்கூடியது இருக்கிறது. உட்காரும்போது காலடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டு, தையல் மேல் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டால் பயம் குறையும், சாதாரணமாக முக்கினால் தையல் பிரியாது. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, காய்ச்சல், கெட்ட வாடை, தையல் சிவந்து கசிவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், கண் மங்கலோடு கடுமையான தலைவலி, இதில் எது வந்தாலும் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

பெங்களூர் மருமகள்:
எல்லோரும் பத்தியத்தைத் திட்டுகிறீர்கள், எனக்குப் பூண்டு உரித்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. கணவர் பத்தாம் நாளே ஆபீஸ் போய்விட்டார், நானும் குழந்தையும் மூன்றாவது மாடியில். சாயங்காலம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை, முதலில் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை. அரசு மனநல உதவி எண் 14416-க்கு போன் பண்ணினேன், தமிழிலேயே பேசினார்கள், மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தேன், இப்போது பரவாயில்லை. ஈரோட்டுப் பொண்ணு, தண்ணீர் சண்டை போடவாவது உங்களுக்கு அம்மா பக்கத்தில் இருக்கிறார், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஈரோட்டுப் பொண்ணு:
சீரகத் தண்ணீர் பலித்துவிட்டது! டாக்டரும் சிரப் எழுதிக் கொடுத்தார், இன்று காலை நிம்மதி. தாராளமாகத் தண்ணீர் குடிக்கட்டும் என்று அவர் சொன்னபோது அம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஆட்டோவில் வரும்போது, "அவங்களுக்கு என்ன தெரியும், சின்னப் பொண்ணு" என்றார். செம்பு மட்டும் இப்போது கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது.