தொடக்ககால ஜாஸில் பெண் பியானோ கலைஞர்கள்: ஏன் பேசப்படவில்லை?

கேள்வி:
1920களின் ஜாஸ் ஒலிப்பதிவுகளைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி), கிளாரினெட், டிராம்போன் வாசித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களாக இருக்க, பியானோவில் மட்டும் லில் ஹார்டின், லவி ஆஸ்டின், மேரி லூ வில்லியம்ஸ் என்று பெண்களின் பெயர்கள் தென்படுகின்றன. ஆயினும் லில் ஹார்டினைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் மனைவி என்ற அளவில் முடிந்துவிடுகிறது. இவர்கள் வெறும் பக்கவாத்தியக்காரர்கள்தாமா, அல்லது இவர்களுடைய பங்கைக் கவனிக்கத் தவறிவிட்டோமா?

மறுமொழி 1:
கவனிக்கத் தவறிவிட்டோம் என்றே சொல்வேன். 1925இல் சிகாகோவில் ஒலிப்பதிவைத் தொடங்கிய, ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் டிரம்ஸும் இல்லை, பாஸும் இல்லை. மூன்று காற்றுக்கருவிகளும் ஒன்றோடொன்று பின்னி ஓடும்போது தாளத்தைத் தாங்கி நின்றவை லில்லின் பியானோவும் ஒரு பாஞ்சோ என்ற தந்திக்கருவியும் மட்டுமே. ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட் தாளத்தைச் சற்றே விட்டு விலகி, தான் விரும்பிய இடத்தில் வந்து சேர முடிந்ததென்றால், அடியில் அவ்விரண்டின் நான்கு தட்டுத் தாளம் பிசகாமல் விழுந்துகொண்டிருந்ததே காரணம். தனி வாசிப்பில் லில், அக்காலப் பியானோ கலைஞர் ஏர்ல் ஹைன்ஸுக்கு நிகரானவர் அல்லர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1924இல் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் குழுவிலிருந்து வெளியேறித் தனியாக வளரும்படி ஆம்ஸ்ட்ராங்கை வற்புறுத்தியவர் அவரே. 1927இல் பதிவான ‘ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ’ அவர் இயற்றியது என்பது, அந்த இசையை விரும்பிக் கேட்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுமொழி 2:
லவி ஆஸ்டினை இன்னும் விரிவாகப் பேச வேண்டும். சிகாகோவின் மோனோகிராம் அரங்கில் இசைக்குழுவை நடத்தியவர் அவர். ப்ளூஸ் பாடகியர் மா ரெய்னி, ஐடா காக்ஸ் ஆகியோர் பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடிய இசைத்தட்டுகளில் அவருடைய ப்ளூஸ் செரனேடர்ஸ் குழு வாசித்திருக்கிறது. பாடகி ஆல்பெர்ட்டா ஹண்டருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘டவுன் ஹார்ட்டெட் ப்ளூஸ்’தான் 1923இல் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. சிறுமியாக இருந்தபோது லவி ஆஸ்டினைப் பிட்ஸ்பர்க் நகரின் ஓர் அரங்கில் கண்ட காட்சியை மேரி லூ வில்லியம்ஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: வாயில் சிகரெட், கால்மேல் கால், இடக்கை நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சிக்கு வாசிக்க, வலக்கை அடுத்த நிகழ்ச்சிக்கான இசையை எழுதிக்கொண்டிருந்ததாம். ஒரு பெண் இசைக்குழுவை நடத்த முடியும் என்று அந்தச் சிறுமி கண்ணால் கண்டது அங்கேதான்.

மறுமொழி 3:
இதில் இரண்டு காரணங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்கால அமெரிக்காவில் பியானோ, பெண் பிள்ளைகள் வீட்டிலும் தேவாலயத்திலும் கற்கத் தகுந்த கருவியாகக் கருதப்பட்டது. ஊதும் கருவிகளுக்கு அந்த அனுமதி கிடைக்கவில்லை. அதனால் முறையாக இசைக்குறிப்பு படித்த பெண்கள், பெரும்பாலும் காதால் கேட்டே வாசித்த ஆண்களின் குழுக்களில் இடம்பெற்றார்கள். நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களுடன் முதன்முதலாக அமர்ந்த லில் ஹார்டின் எந்தச் சுருதி என்று கேட்டபோது, இரண்டு தட்டுச் சத்தம் கேட்டதும் வாசிக்கத் தொடங்கு என்ற பதில்தான் கிடைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். இன்னொன்று, ஒலிப்பதிவு முறை. 1923இல், லில் பியானோ வாசித்த ஆலிவர் குழு ஜெனட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவு செய்தபோது மைக்ரோஃபோன் கிடையாது. ஒலியைத் திரட்டும் பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசித்தார்கள். கார்னெட்டுகளின் முழக்கத்தில் பியானோ அமுங்கிப்போயிற்று.

இசைக்கோப்பு செய்பவரின், அதாவது குழுவின் ஒவ்வொரு கருவியும் வாசிக்க வேண்டியதை எழுதித் தருபவரின், நிலையும் இதுதான். இசைத்தட்டில் பெரிதாக அச்சாவது குழுத்தலைவரின் பெயர். 1937இல் பென்னி குட்மன் குழு வாசித்த ‘ரோல் எம்’ மேரி லூ வில்லியம்ஸ் எழுதியது என்றாலும், கேட்பவர்கள் நினைவில் வைத்திருப்பது குட்மனையே.

கேட்டவர்:
மிக்க நன்றி. மேரி லூவை எங்கிருந்து தொடங்கிக் கேட்கலாம்?

மறுமொழி 3:
1930இல் அவர் தனியாக வாசித்த ‘நைட் லைஃப்’ பதிவிலிருந்து தொடங்குங்கள். வேறு கருவி எதுவும் இல்லாததால் இடக்கையின் வேலை தெளிவாகக் கேட்கும். அடுத்து ஆண்டி கர்க் குழுவுக்கு அவர் செய்த இசைக்கோப்புகளையும், அதன்பின் 1945இன் ‘ஸோடியாக் ஸ்வீட்’டையும் கேளுங்கள்.