வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) விழும் மழைநீரைச் சேமிப்பது எப்படி?

கேள்வி (கானாடுகாத்தான் அருகே):
எங்கள் பழைய வீட்டின் ஓட்டுக் கூரையிலிருந்து வளவில் கொட்டும் மழைநீரை, கோடையில் முருங்கைக்கும் கத்தரிக்கும் பாய்ச்சும்படி நானே தொட்டி அமைத்துச் சேமிக்க விரும்புகிறேன். கூரைப் பரப்பு ஏறத்தாழ 100 சதுர மீட்டர். எவ்வளவு கொள்ளளவு வேண்டும்?

பதில் 1:
ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஆகவே 10 மில்லிமீட்டர் மழைக்கு உங்கள் கூரையில் 1000 லிட்டர் விழும், ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் போக ஏறத்தாழ 800 லிட்டர் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அடுத்தடுத்துப் பெய்யும் என்பதால் 5000 லிட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வருமாதலால், தொட்டிக்கு முன்பாக, அடியில் மூடி போட்ட தனிக் குழாய் ஒன்றை இறக்கி, அந்த அழுக்கு நீரை முதலில் அதில் தேங்கவிட்டுப் பின்னர் திறந்து வெளியேற்றுங்கள்.

பதில் 2:
வடிகட்டியைப் பழைய பிளாஸ்டிக் டிரம்மிலேயே செய்யலாம்: அடியில் கருங்கல் ஜல்லி, நடுவில் பொடி ஜல்லி, மேலே கழுவிய மணல், இடையிடையே நைலான் வலை. நான் வெயில் புகும் வெளிர்நிறத் தொட்டியை வாங்கிப் பாசி பிடித்து அவதிப்பட்டேன்; கறுப்புத் தொட்டியே மேல். வழிந்தோடும் குழாயின் வாயிலும் கொசுவலை கட்ட மறவாதீர்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. மிகுதி நீரைக் கிணற்றடிக் குழிக்குத் திருப்பிவிடுகிறேன்.