பிரஷ்லெஸ் மோட்டாருக்குத் தமிழ்: வெள்ளிக்குள் வேண்டும்

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ரிமோட் கார் பயிற்சி வகுப்பு எடுக்கிறோம். 1:10 அளவு பந்தய வண்டிகளுக்கான பிரஷ்லெஸ் மோட்டார்களை (சுழலும் பகுதியை உரசி மின்சாரம் கொடுக்கும் பிரஷ் இல்லாதவை) ஒப்பிடும் சிறு கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அட்டவணையில் ஒரு பக்கம் ஹாபிவிங் ஜஸ்டாக், 17.5 டர்ன், சுழலும் பகுதியின் நிலையைச் சொல்லும் சென்சார் உள்ளது. மறுபக்கம் டிராக்சஸ் வெலினியான் 3500, சென்சார் கிடையாது. பிரஷ்லெஸ், சென்சார்டு, சென்சார்லெஸ், காகிங், டர்ன், கேவி ஆகிய ஆறுக்கும் தமிழ் வேண்டும். மாணவர் பார்த்ததும் புரிய வேண்டும், அதுதான் என் ஒரே நிபந்தனை.

சென்னையிலிருந்து:

தம்பி, பிரஷுக்குப் பாடநூலில் தூரிகை என்றே இருக்கிறது. ஆனால் தூரிகையைச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் தூலிகா என்னும் வடசொல்லோடு சேர்க்கிறது. நமக்குச் சங்கச் சொல்லே உண்டு. நற்றிணை 118இல் ‘ஓவ மாக்கள் ஒள்ளரக்கு ஊட்டிய துகிலிகை அன்ன துய்த்தலைப் பாதிரி’ என்று வருகிறது. அரக்குச் சாயம் தோய்த்த எழுதுகோலின் நுனிபோலப் பாதிரிப் பூவின் தலை துய்யோடு இருக்கிறதாம். துகில், துய், துகிலிகை மூன்றும் மென்மையான இழையைச் சுற்றி நிற்பவை என்பது என் எண்ணம். ஆகவே ‘துகிலிகையில்லா மின்னோடி’. இல்லா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் வந்தால் மிகும், மகரம் வருவதால் இங்கே மிகாது.

திருப்பூரிலிருந்து:

ஐயா, பாட்டு அருமை. ஆனால் மோட்டாருக்குள் இருப்பதில் இழை எங்கே இருக்கிறது? அது ஸ்பிரிங் வைத்து அழுத்திய கரிக்கட்டை. வைண்டிங் கடையில் மிக்ஸியைக் கொடுத்தால் “கார்பன் தேஞ்சு போச்சு, மாத்தணும்” என்பார்கள். தூரிகை என்று அங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கார்பனில்லா மோட்டார்’ என்று போடுங்கள், பையன்களுக்கு உடனே பிடிபடும்.

சென்னையிலிருந்து:

இழை இருந்தது, தம்பி. தொடக்கக் கால டைனமோக்களில் செம்புக் கம்பிகளைக் கற்றையாகக் கட்டித்தான் உரச விட்டார்கள். அதனால்தான் அந்தப் பெயர். கரிக்கட்டை பிறகு வந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. அப்புறம், கார்பன் என்பது பொருளின் பெயர், உறுப்பின் பெயர் அன்று.

சிங்கப்பூரிலிருந்து:

இல்லாததை வைத்து ஏன் பெயரிட வேண்டும்? இந்த மோட்டாரில் காந்தம் சுழல்கிறது, கம்பிச்சுருள் அசையாமல் நிற்கிறது. கரியும், அது உரசும் திசைமாற்றியும் (கம்யூட்டேட்டர்) செய்த வேலையை வெளியே இருக்கும் ஈஎஸ்சி என்ற மின்னணு வேகக் கட்டுப்படுத்தி செய்கிறது. மூன்று கம்பிகளில் மின்னோட்டத்தை மாற்றி மாற்றி விடுகிறது. தொழிற்சாலை விசிறிகளில் இ.சி. (எலக்ட்ரானிக்கலி கம்யூட்டேட்டட்) மோட்டார் என்று இதைத்தான் எழுதுகிறார்கள். ‘மின்னணுத் திசைமாற்று மோட்டார்’ என்றால் பெயரே பாதிப் பாடம் நடத்திவிடும்.

மதுரையிலிருந்து:

கம்பியில்லாத் தந்தி என்று நம் முன்னோர் இல்லாததை வைத்துத்தானே பெயரிட்டார்கள்? அது நன்றாகவே நிலைத்தது. மின்னோடிக்கும் என் மறுப்பைப் பதிகிறேன். நாடோடி, முன்னோடி போல ஓடுவதுதான் ஓடி. ரிமோட் கார் கையேட்டில் மின்னோடி என்றால் வண்டியையே நினைப்பார்கள். மோட்டார் மோட்டாராகவே இருக்கட்டும்.

கோவையிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. வகுப்பில் உண்மையில் இடிக்கும் இடம் வேறு. டர்ன் என்பதைச் ‘சுற்று’ என்று போட்டால், ஆர்பிஎம்மும் ‘நிமிடத்துக்கு இத்தனை சுற்று’ என்று வருகிறது. ஒரே அட்டவணையில் ஒரு மோட்டார் 17.5 சுற்று, இன்னொன்று வோல்ட்டுக்கு 3500 சுற்று. இரண்டையும் ஒரே அளவாக எண்ணி, 3500தான் பெரிது என்று முடிவு கட்டிவிடுவார்கள். டர்ன் என்பது மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரின் பல்லில் கம்பி எத்தனை முறை சுற்றியது என்பது. அது கூடினால் வேகம் குறையும், ஒரே ஆம்பியருக்குத் திருப்பு விசை கூடும். கேவி என்பது, சுமையில்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை தரம் சுழலும் என்பது. 7.4 வோல்ட் லிப்போ பேட்டரியில் 3500 கேவி என்றால் நிமிடத்துக்கு 25,900. டர்ன் ஏறினால் கேவி இறங்கும். எதிரெதிராகப் போகும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து எப்படிப் பாடம் நடத்துவது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

டர்னுக்குப் ‘புரி’ பொருந்தும். வலம்புரிச் சங்கின் வளைவு, திருகாணியின் புரி எல்லாம் அதுதானே. ‘17.5 புரி’ என்றால் சுழற்சியோடு குழம்பாது, சொல்லும் சின்னது.

திருப்பூரிலிருந்து:

புரி என்றால் எனக்குக் கயிற்றின் இழைதான் நினைவுக்கு வருகிறது. முப்புரி நூல் மூன்று இழை, மூன்று சுற்று அல்ல. இந்தத் தொழிலில் அது ஆபத்து. பழைய பிரஷ் மோட்டார்களில் ‘12 டர்ன் டபுள்’ என்று எழுதியிருக்கும். இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்து 12 தரம் சுற்றியது என்று பொருள். இழைக்குத்தான் புரி வேண்டும், சுற்றுக்கு அல்ல.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வலம்புரியில் எத்தனை இழை, ஐயா? சொல் இரண்டு பக்கமும் போகும். அடையாளமிட்டு நிறுத்துவதுதானே கலைச்சொல்லாக்கம்?

மதுரையிலிருந்து:

சென்சாருக்கு உணரி நிலைத்துவிட்டது: உணரியுள்ள, உணரியற்ற. மோட்டாருக்குள் காந்தத்தை உணரும் ஹால் உணரியில் ஹாலை மட்டும் மொழிபெயர்த்துவிடாதீர்கள், அது 1879இல் அந்த விளைவைக் கண்டறிந்த எட்வின் ஹாலின் பெயர். காகிங்குக்குத் ‘திக்கல்’ என்கிறேன். உணரியற்ற அமைப்பு, சுருளில் எழும் எதிர் மின்னியக்கு விசையைப் பார்த்துத்தான் சுழலியின் நிலையை ஊகிக்கிறது. வண்டி நிற்கும்போது அந்த விசை சுழியம். ஆகவே கிளம்பும் கணத்தில் எந்தச் சுருளுக்கு மின்சாரம் விடுவது என்று தெரியாமல், வண்டி முன்னும் பின்னும் வெட்டி வெட்டி நகரும். பேச்சு திக்குவதும் முதல் எழுத்தில்தானே.

சிங்கப்பூரிலிருந்து:

திக்கலுக்கு என் முழு ஆதரவு. ஆனால் நின்ற மோட்டாரைக் கையால் திருப்பும்போது காந்தம் பல் பல்லாகப் பிடிக்கிறதே, பொறியியல் நூல்களில் காகிங் என்பது அதுதான். ரிமோட் கார்காரர்கள் அதே சொல்லை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டார்கள். தமிழில் இரண்டையும் பிரித்து வைப்போம். அது ‘பற்பிடிப்பு’, இது ‘திக்கல்’.

கோவையிலிருந்து:

நாளை காலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். எல்லோர் சொன்னதையும் பார்த்து, பிரஷுக்குப் பாடநூல் சொல்லையே வைத்து, இப்படிப் போகிறேன். தலைப்பில் ‘தூரிகையில்லா மோட்டார்’, முதல் பக்கத்தில் மட்டும் அடைப்புக்குள் ‘கார்பன் இல்லாதது’. உணரியுள்ள, உணரியற்ற, திக்கல் மூன்றும் அப்படியே. டர்ன் ‘கம்பிச்சுற்று’, ஆர்பிஎம் ‘நிமிடச் சுழற்சி’. கேவி அப்படியே இருக்கும், கிலோவோல்ட் அல்ல என்ற அடிக்குறிப்போடு. மின்னணுத் திசைமாற்றம் ஈஎஸ்சி பாடத்துக்குள் வருகிறது. கிளம்பும்போது மட்டும் உணரியைக் கேட்டு, வேகம் பிடித்ததும் அதை விட்டுவிடும் ஈஎஸ்சிகளும் உண்டு. அவற்றை அட்டவணையில் எந்தப் பக்கம் வைப்பது என்று யாராவது இன்றிரவுக்குள் சொன்னால் உதவியாக இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அவற்றுக்கு மூன்றாவது நிரல் போடுங்கள், ‘இருமுறை’ என்று. கம்பிச்சுற்று ஏழெழுத்து, புரி இரண்டெழுத்து; நிரலின் அகலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என் மறுப்பு அப்படியே நிற்கிறது.

சென்னையிலிருந்து:

துகிலிகையை அடிக்குறிப்பிலாவது சேர்க்க இடமுண்டா, தம்பி?